அடுக்களையில் கற்கும் மொழி

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் திங்கட்கிழமை அதிகாலையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டாரங்களிலிருந்து வரும் கொத்தனார்களும் சித்தாள்களும் பெங்களூர்ப் பேருந்தை நோக்கி விரைகிறார்கள். எழுதப் படிக்க அறியாதவரும் அவர்களுள் உண்டு. ஆயினும் சில மாதங்களில் கன்னடம் பேசுகிறார்கள். எந்தப் பள்ளியில் கற்றார்கள்? தேநீர்க் கடையிலும், கட்டட வேலையிடத்திலும், குழாயடியிலும் அன்றோ கற்றார்கள்!

இன்று நம் பிள்ளைகள் பெங்களூரோடு நின்றுவிடுவதில்லை. கடல் கடந்தும் செல்கிறார்கள். அங்கும் மொழி இவ்வாறே கைவருகிறது என்பதற்கு நார்வேத் தமிழர் நல்ல சான்று. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் அந்நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். வடகோடிக் கடற்கரையின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் பலர் உழைத்தனர். அவர்களுள் கத்தோலிக்கரும் கணிசமானோர்.

நார்வே மொழியின் இலக்கணம் அத்துணைக் கடினமன்று. நான் வந்தேன், அவள் வந்தாள் என்று வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. கடினமானது அம்மக்களின் வழக்கமே. ஆசிரியரையும் மருத்துவரையும் அங்கே 'தூ', அதாவது 'நீ' என்றே அழைக்கிறார்கள். பெரியவரை 'நீங்கள்' என்று அழைத்துப் பழகிய தமிழ் நாவுக்கு அது எளிதில் வருமா? அங்கே அது அவமதிப்பன்று. எல்லாரும் சமம் என்பதன் அடையாளம்.

உணவு முடிந்து எழும்போது, சமைத்தவரிடம் 'தாக் ஃபொர் மாதென்' என்பார்கள். 'உணவுக்கு நன்றி' என்பது பொருள். பாலர் பள்ளியில் இதைக் கற்ற தமிழ்ப் பிள்ளை வீடு திரும்பித் தாயிடம் அதையே சொல்கிறது. நம் வீடுகளில் எத்தனை அன்னையர் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள்? ஊரார் ஊதியமின்றிக் கூடிப் பொதுவேலை செய்வதை 'தூக்னாட்' என்பார்கள். அகராதியைப் புரட்டுவதைவிட, ஏரிக்கரையை ஊரே கூடிச் செப்பனிட்ட நம் குடிமராமத்தை நினைத்தால் அச்சொல் விளங்கிவிடும். ஒரு நாள் அவர்களோடு மண்வெட்டி பிடித்தால் இன்னும் நன்கு விளங்கும்.

அந்நாட்டு அறிஞர் ஒருவரே இவ்வழியைத் தேர்ந்தார். நெடுங்காலம் டேனிஷ் மொழியே அங்கு ஏட்டு மொழியாய் இருந்தது. உழவர் மகனான ஈவார் ஓசென் 1842 முதல் 1846 வரை ஊர் ஊராகச் சென்று, எளிய மக்களின் பேச்சைக் கேட்டு எழுதினார். 1848-இல் இலக்கணமும் 1850-இல் அகராதியும் வெளியிட்டார். அவற்றினின்று பிறந்த எழுத்து வழக்கு 1885-இல் அரசின் ஒப்புதல் பெற்றது.

நமக்கும் இது புதிதன்று. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, நம் உணவையும் உடையையும் ஏற்ற பின்னரே நம் மொழியில் வல்லவரானார். 1623-இல் சேலத்திற்கும் வந்தார். 1965 வரை நம் மாவட்டம் சேலத்தோடு இணைந்திருந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

வீட்டிற்குள்ளேயே ஒடுங்கி, மொழி கல்லாமல் இருப்போரின் துயரும் உண்டு. தாயின் நோயைச் சிறுமகன் மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல நேரிடுகிறது. குழந்தை தாங்கத் தகாத சுமை அது. நார்வேயின் சட்டமே இப்போது அதைத் தடுக்கிறது. ஆகவே வெளிநாடு செல்வோருக்கு நாம் சொல்வது இதுவே: பிழையாகப் பேச வெட்கப்படாதீர்கள், அண்டை வீட்டாரின் உணவு மேசையில் அமருங்கள்.

இங்கே இருப்போருக்கும் ஒரு சொல். ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் நம் ஊர்க் கட்டட வேலைகளிலும் வடமாநிலச் சகோதரர்கள் உழைக்கிறார்கள். நம் கொத்தனார் பெங்களூரில் கன்னடம் கற்பதுபோல் அவர்கள் நம்மிடம் தமிழ் கற்கிறார்கள். அவர்களின் குழறலைக் கண்டு நகைக்கிறோமா? வசைச்சொல்லை முதலில் கற்பிக்கிறோமா? பெந்தெகோஸ்தே நாளில் தூய ஆவியார், வந்திருந்த ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்கும்படி செய்தார். அந்நியரை அந்நியராகவே விட்டுவைப்பது இறைவனின் திருவுளமன்று.

'சாப்பிட்டீர்களா?' என்பதே நாம் அவர்களுக்குக் கற்பிக்கும் முதல் தமிழாக இருக்கட்டும்.