வாப்பாவின் பெட்டியும் வாப்பாவின் கையும்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவரின் பெட்டி திறக்கப்படும் காட்சியை நம் ஊர்களில் காணாதார் இலர். அத்தர், மிட்டாய், பொம்மைக் கார். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு வாப்பா என்றால் பெட்டி; பெட்டி என்றால் பணம். அப்பணம் எவ்வாறு வந்தது என்று அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதையே கண்ணியம் என்று கருதிக்கொண்டிருக்கிறோம். கண்ணியமன்று, பிள்ளைக்கு இழைக்கும் அநீதி என்போம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடையின் மூன்று மாதங்கள், நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கலாகாது என்று சட்டமே இருக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய வெயில் அது! எஞ்சிய நேரமெல்லாம் அங்கே கம்பி கட்டியவர், ஊர் வந்ததும் 'கம்பெனியில் இருக்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஏன் இந்த மறைப்பு? மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்து கூலிக்கு மேய்த்ததை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் தாமே சொன்னார்கள். புகாரியில் அது பதிவாகியுள்ளது. அவர்கள் மறைக்காததை மறைக்க நாம் யார்?

சிறுவயதில் காசைப் பற்றிப் பேசினால் பேராசை வந்துவிடும் என்பாரும் உளர். அவர்கள் வீட்டிலேதான், நோன்பு ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று பிள்ளையிடம் பேரம் நடக்கிறது. வணக்கத்துக்கு விலை பேசலாம், உழைப்பின் விலையைப் பேசலாகாதோ?

பிள்ளைகளை வேலைக்கு அனுப்பச் சொல்கிறோம் என்று எவரும் திரிக்க வேண்டா. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிரம்பாதவரைக் கூலிக்கு அமர்த்துவது குற்றம். மிக நியாயம். பீடி இலையோடும் தீக்குச்சியோடும் தேய்ந்த பிள்ளைப் பருவங்கள் போதும். ஆனால் பள்ளி நேரம் போக, அபாயமில்லாத வீட்டுத் தொழிலில் பிள்ளை உதவ அச்சட்டமே இடம் தருகிறது. நாம்தான் அதற்கும் வெட்கப்படுகிறோம்.

பத்தமடையில் பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளையைப் பாருங்கள். கோரை நீரில் ஊறுவதும், இழை இழையாய்க் கிழிபடுவதும், நாட்கணக்கில் ஒரு பாய் வளர்வதும் அதன் கண்முன் நடக்கின்றன. வாங்க வந்தவர் விலை கேட்டு முகம் சுளித்தால் அப்பிள்ளைக்கு வலிக்கும். பொம்மைக் காரை இரண்டாம் நாளே உடைத்தெறியும் பிள்ளைக்கு என்ன வலிக்கும்?

அடுத்த விடுப்பில் பெட்டியைப் பிறகு திறக்கலாம். வாப்பா முதலில் தம் உள்ளங்கையைக் காட்டட்டும். சம்பளம் எத்தனை திர்ஹம், அறை வாடகைக்கும் சோற்றுக்கும் போனது எவ்வளவு, வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு எண்ணிச் சொல்லட்டும்.