தரவோடு நிரலையும் காக்க வேண்டும்

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வளையத்தில் புரோட்டான்களை மோதவிடும் செர்ன் ஆய்வகம், நொடிக்கு ஏறத்தாழ 100 கோடி மோதல்களில் மிகச் சிலவற்றையே சலித்தெடுத்துச் சேமிக்கிறது. அப்படியும் 2017 நடுவில் அங்கே காந்த நாடாக்களில் சேர்ந்திருந்த தரவு 200 பெட்டாபைட். அதாவது 20 கோடி கிகாபைட். இந்தக் காலத்திலும் நாடாவா என்று கேட்கலாம். படிக்காமல் வைத்திருக்கும் நாடாவுக்கு மின்சாரம் வேண்டாம். நீண்டகாலச் சேமிப்புக்கு அது மலிவானது. பழையதாகும் முன் புதிய நாடாவுக்குப் படியெடுத்துவிடுகிறார்கள். இதற்கெல்லாம் வழி தெரியும், பணமும் ஒதுக்கப்படுகிறது. அந்தத் தரவைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைக் காப்பதில்தான் அலட்சியம் தொடர்கிறது.

ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்தில் 1979 முதல் 1986 வரை நடந்த ஜேட் சோதனையே இதற்குச் சாட்சி. இயற்பியலாளர் சீக்ஃபிரீட் பெத்கே குழுவினர் பின்னாளில் அந்தத் தரவை மறுபடி ஆராய முனைந்தபோது, நிரல்கள் வழக்கொழிந்த ஃபோர்ட்ரான் வகைகளில் கிடந்தன. இன்றியமையாத சில எண்கள் கணினியிலேயே இல்லை. பழைய காகித அச்சைத் தேடிப் பிடித்து, பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். ஆற்றல் கூடக்கூட, அணுக்கருவைப் பிணைக்கும் வலிய விசை தளர்வதை ஜேட் இயங்கிய ஆற்றல் வரம்பில் துல்லியமாகச் சோதிக்க முடிந்தது இந்த உழைப்பால்தான். அந்தக் காகிதத்தை யாராவது குப்பையில் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

புதிய இயந்திரம் வந்தபின் பழைய தரவு எதற்கு என்பார்கள். செர்னின் இன்றைய பெரிய மோதுவி மோதவிடுவது புரோட்டான்களை. ஜேட் பதிந்தது எலக்ட்ரான், பாசிட்ரான் மோதல்களை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. செர்னில் எலக்ட்ரான், பாசிட்ரான்களை மோதவிட்ட லெப் முடுக்கி 2000இல் நிறுத்தப்பட்டுக் கழற்றப்பட்டது. ஆனால் அதன் அலெஃப் சோதனைத் தரவிலிருந்து 2019இலும் புதிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பழைய தரவைப் பொதுவில் திறந்துவிட்டால் வெளியார் தவறாகப் படிப்பார்கள் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்கு மருந்து, தரவைப் பூட்டிவைக்காமல் விளக்கக் குறிப்புகளைச் செம்மையாக எழுதிவைப்பதே.

செலவைக் காரணம் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. முடுக்கியை மறுபடி கட்டும் செலவோடு ஒப்பிட்டால், நிரலாளர் சிலரின் சம்பளம் ஒரு பொருட்டே அல்ல. இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. மும்பை, கொல்கத்தா மையங்களும் செர்ன் தரவைச் சேமித்து ஆராயும் வலைப்பின்னலில் இருக்கின்றன. ஒவ்வொரு சோதனையின் நிதித் திட்டத்திலும் முதல் நாளிலிருந்தே நிரலையும் குறிப்புகளையும் காக்கத் தனிப்பங்கு ஒதுக்க வேண்டும் என்று நம் அறிவியலாளர்கள் செர்னில் வலியுறுத்த வேண்டும்.