தன் தொழிலுக்குத் தானே சாட்சியோ?

பிறரிடம் ஊழியஞ் செய்வோனுக்கு எசமானன் நற்சாட்சிப் பத்திரம் அளிப்பான். தனக்குத் தானே எசமானனாய் உழைப்போனுக்கு அதனை அளிப்பவர் யாவர்? தொழில் வல்லுநராகக் கனடா தேசத்திற் குடியேற விண்ணப்பிப்போர் பலரை வருத்தும் வினா இதுவே.

2015-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் விரைவு நுழைவு முறையின் கூட்டரசுத் தொழில் வல்லுநர் பிரிவில், அயல்நாட்டிற் செய்த சுயதொழிலும் அனுபவமாகக் கொள்ளப்படும். கடந்த 10 ஆண்டுகளுக்குள், வாரம் 30 மணி வீதம், இடையறாது ஓராண்டு உழைத்து ஊதியம் பெற்றிருத்தல் வேண்டும். ஆயின், விண்ணப்பதாரர் தாமே எழுதிய வாக்குமூலமும் சத்தியப் பத்திரமும் அதற்குச் சான்றாகா. தொழிலுரிமையைக் காட்டும் பத்திரம், வருவாய்க்கு அத்தாட்சி, பெற்ற பணியையும் கொடுத்த தொகையையும் குறித்து வாடிக்கைக்காரர் தரும் ஆவணம் ஆகியன வேண்டப்படும்.

இது கொடுமை என்பர் சிலர். யாம் அங்ஙனம் கருதுகிலேம். தன் சொல்லொன்றே சான்றாகுமாயின், மெய்யனும் பொய்யனும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவர், நட்டமடைபவன் மெய்யனே.

எனினும், ரொக்கமாகவே கூலி பெறும் தச்சன் முதலியோர் இதனால் இடருறுவது உண்மை. பொய்க் கடிதம் பெறுதல் அதற்குப் பரிகாரமன்று; அது வெளிப்படின் 5 ஆண்டுகள் அந்நாட்டு வாயில் அடைபடும். தொழில் தொடங்கிய நாள் முதலே பற்றுச்சீட்டுக் கொடுத்தும், பாங்கி வழியாய்ப் பணம் பெற்றும், வரிக்கணக்கைத் தவறாது காட்டியும் வருதலே தக்க வழி.

சொந்தத் தொழிலில் இறங்கக் கருதும் மாணவ நண்பர்காள், கடல் கடவீராயினும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வீராக. உழைத்த கை ஓய்ந்த பின்னரும் கணக்கேடு பேசும்.