தலைமையாசிரியரின் பகற்பொழுது

கத்தோலிக்க மறைமாவட்டங்களின் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தலைமையேற்கும் குருவானவரோ கன்னிகாஸ்திரீயோ, சம்பளப் பட்டியலிலும் பணியிட நிர்ணயத்திலும் எமிஸ் எனும் கல்வித் தகவல் இணையப் பதிவிலும் பகற்பொழுதைக் கழித்துவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறுவதை அருகிலமர்ந்து கேட்க அவகாசமின்றித் தவிப்பது மிகுந்த விசனத்துக்குரியது. அரசியல் சாசனத்தின் 30-ஆம் ஷரத்து சிறுபான்மையோருக்குத் தம் கல்வி நிலையங்களை நிர்வகிக்கும் உரிமையை வழங்கியது மெய்யே. ஆயினும் அது சீர்கெட்ட நிர்வாகத்துக்கான உரிமையன்று என்று, 1958-இல் கேரளக் கல்வி மசோதா பற்றிய அபிப்பிராயத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. ஆகவே ஆயர் இல்லமும் துறவற சபைகளும் கணக்கறிந்த உதவியாளர் ஒருவரைத் தலைமையாசிரியருக்கு அளிப்பதோடு, பொறுப்பேற்குமுன் தக்க பயிற்சியும் தந்து, பள்ளியையும் ஊரையும் அவர் நன்கறிந்துகொள்ளும் தறுவாயில் இடமாற்றம் செய்வதையும் தவிர்த்தல் அவசியம்.