உதிராத சைவ பர்கர்

புரட்டாசி மாதம் வந்தாலும் வெள்ளிக்கிழமை வந்தாலும் நம் வீடுகளில் ஒரு சின்னச் சிக்கல் எழும். பிள்ளைகளுக்குப் பர்கர் வேண்டும். பாட்டிக்கும் அம்மாவுக்கும் விரதம். பசார் மாலாமுக்கு எல்லாரும் சேர்ந்து போனாலும், பர்கர் கடைக் கல்லில் இறைச்சியும் முட்டையும் ஒன்றாக வேகும்போது, அவர்கள் அவித்த சோளத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

கடையில் உறைய வைத்த சைவ பேட்டி கிடைக்கிறதே என்பீர்கள். வாங்கலாம்; ஆனால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிலவற்றில் பிடிமானத்துக்காக முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்திருப்பார்கள். வழக்கமான மயோனீஸிலும் முட்டை உண்டு.

வீட்டிலேயே செய்தால் அந்தக் கவலை இல்லை. செய்து பார்த்தவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: திருப்பும்போதே உடைகிறது, கடித்தால் பிதுங்கி வெளியே வருகிறது. இதற்குக் காரணம் தண்ணீர். இறைச்சியின் புரதம் சூடு பட்டதும் தானாக இறுகிக்கொள்ளும். காய்கறிக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அதற்காக மாவை அள்ளிக் கொட்டினால் பேட்டி கொழுக்கட்டையாகிவிடும். பருப்பு வடை சுடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஊறிய பருப்பை நன்றாக வடித்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைப்போம் அல்லவா? அதே கவனம்தான் இங்கும் தேவை.

தேவையானவை (8 பேட்டிகளுக்கு)

கொண்டைக்கடலை – 1 கப் (8 மணி நேரம் ஊறியது)
உருளைக்கிழங்கு – 1
கேரட் – 1
பெரிய வெங்காயம் – 1
இஞ்சி பூண்டு விழுது – 1 தேக்கரண்டி
ஓட்ஸ் – அரை கப்
சோளமாவு – 2 மேசைக்கரண்டி
மிளகாய்த்தூள் – 1 தேக்கரண்டி
கரம் மசாலா, மிளகுத்தூள் – தலா அரை தேக்கரண்டி
கொத்தமல்லித் தழை, உப்பு, எண்ணெய் – தேவைக்கு

செய்முறை

கடலையை வேகவைத்து வடித்து, ஒரு துணியில் அரை மணி நேரம் பரப்பி உலர விடுங்கள். நேரமில்லாத இளையர்கள் 400 கிராம் டின் கடலை இரண்டை வாங்கிக் கழுவி, இதேபோல் உலர்த்தலாம். உருளைக்கிழங்கைத் தோலோடு முழுசாக அவியுங்கள். வெட்டி அவித்தால் தண்ணீரைக் குடித்துவிடும்.

கேரட்டைத் துருவிப் பிழிந்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுதுடன் சிறிது எண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கி ஆற விடுங்கள். கடலையைப் பாதி மசிந்தும் பாதி பருக்கையாகவும் இருக்கும்படி மசியுங்கள். ஓட்ஸைப் பொடித்து, தோலுரித்து மசித்த கிழங்கு, மற்ற பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையுங்கள். கலவையைப் பிடித்தால் கையில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் ஒரு கரண்டி ஓட்ஸ் போதும்.

அகலமான போத்தல் மூடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு அழுத்தி எடுத்தால் எல்லாம் ஒரே அளவாக வரும். இறைச்சியைப் போல இது சுருங்காது. எனவே ரொட்டியின் அளவுக்கே தட்டுங்கள். குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். இதைத் தவிர்த்துவிடாதீர்கள், குளிரில்தான் மாவுச்சத்து இறுகும்.

தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் பக்கத்துக்கு 4 நிமிடம் வேக விடுங்கள். அடிப்பக்கம் சிவந்து, கல்லை விட்டுத் தானாகக் கழன்று வரும்போது ஒரே ஒருமுறை திருப்பினால் போதும்.

பர்கர் ரொட்டியின் உள்பக்கத்தையும் அதே கல்லில் வாட்டுங்கள். சாஸ் ஊறி ரொட்டி நமுத்துப் போகாது. மயோனீஸுக்குப் பதிலாகக் கெட்டித் தயிரில் புதினா அரைத்துக் கலந்து தடவலாம். விரதத்தில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கு இஞ்சியும் பெருங்காயமும் போதும்.

மீந்த பேட்டிகளை இடையிடையே தாள் வைத்து உறைபெட்டியில் அடுக்கினால் ஒரு மாதம் வரை இருக்கும். வேலை முடிந்து களைத்து வரும் இரவில், உறைந்தபடியே எடுத்து, சிறு தீயில் மூடி போட்டு வேகவையுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பர்கர் கேட்டால், பாட்டிக்கும் சேர்த்தே ஒன்று வாட்டிவிடலாம்.