காவல்காரனுக்கும் சோதனை வேண்டும்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆண்ட்டி வைரஸ் புரோகிராம் நல்லது?" என்பதுதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் புன்னக்காயலில் என்னிடமும் இதையே கேட்கிறார்கள். சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன், சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் காவல்கார புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு தூரம் விடப் போகிறீர்கள்? அதை யார் சோதித்து உள்ளே அனுப்புகிறார்கள்?

கெர்னல் என்றால் என்ன?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு கெர்னல் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்ட் என எல்லாவற்றிலும் இது உண்டு. நீங்கள் வேர்டில் ஒரு பைலைத் திறக்கிறீர்கள். வேர்ட் தானாகப் போய் ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதில்லை. கெர்னலிடம் கேட்கிறது, கெர்னல் எடுத்துக் கொடுக்கிறது. இன்டர்நெட்டில் இணைவது, பென் டிரைவில் எழுதுவது, புதிய புரோகிராமை இயக்குவது எல்லாமே இப்படித்தான்.

எங்கள் ஊரில் தாமிரபரணி கடலில் கலக்கிறது. ஆற்றில் கட்டியிருக்கும் படகு எதுவானாலும் முகத்துவாரத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கெர்னலும் ஒரு முகத்துவாரம்தான். அங்கே ஒரு காவல் படகை நிறுத்தினால் போவது வருவது ஒன்று விடாமல் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் காவல் படகே மணல் திட்டில் தரை தட்டிக் குறுக்கே நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஒரு படகும் நகர முடியாது.

விண்டோஸில் இயங்கும் பாதுகாப்பு சாப்ட்வேர்களில் பெரும்பாலானவை டிரைவர் என்ற பெயரில் கெர்னலுக்குள் தங்கள் பகுதி ஒன்றை வைத்துள்ளன. சாதாரண புரோகிராம் தவறு செய்தால் அது மட்டும் மூடப்படும். மற்ற வேலைகள் தொடரும். கெர்னலுக்குள் உள்ள புரோகிராம் தவறு செய்தால் கம்ப்யூட்டரே நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும்.

78 நிமிடங்களில் நடந்தது

2024 ஜூலை 19 அன்று இதுதான் நடந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு சாப்ட்வேருக்கு ஒரு சிறிய அப்டேட் பைலை அனுப்பியது. அப்போது இந்திய நேரம் காலை 9.39. தவறு தெரிந்து 10.57க்குத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடங்கள்தான். அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. நம் நாட்டில் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அது வைரஸ் தாக்குதல் அல்ல. வைரஸைப் பிடிக்க வைத்த காவலாளி இடறி விழுந்த கதை.

காரணம் என்ன தெரியுமா? அப்டேட் பைல் 21 விவரங்களை எதிர்பார்த்தது. கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம் கொடுத்ததோ 20 மட்டுமே. இல்லாத 21ஆவது விவரத்தைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத மெமரி இடத்தைப் படிக்கப் போனது. இதே தவறு வேர்டிலோ பிரவுசரிலோ நடந்திருந்தால் ஒரு விண்டோ மூடியிருக்கும். கெர்னலுக்குள் நடந்ததால் கம்ப்யூட்டரே விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த டிரைவர் முறையாகச் சான்று பெற்றது. ஆனால் பிறகு அன்றாடம் வந்து சேரும் அப்டேட் பைல்களுக்கு அந்தச் சான்று கிடையாது. வாசலில் ஒரு முறை அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, அதன் பின் அவர் பையில் என்ன கொண்டு வருகிறார் என்று பார்க்காமல் விடுவது போன்றது இது.

லினக்ஸ் காட்டும் வழி

லினக்ஸ் இதற்கு வேறு ஒரு வழியை வைத்துள்ளது. பைலைத் திறப்பது, அழிப்பது, புரோகிராமை இயக்குவது, நெட்வொர்க்கில் இணைவது போன்ற முக்கியமான இடங்களில் எல்லாம் கெர்னல் ஒரு நொடி நின்று, "இதை அனுமதிக்கலாமா?" என்று கேட்கும். இந்த இடங்களுக்கு ஹூக் என்று பெயர். கொக்கி என்று வைத்துக் கொள்ளுங்கள். 200க்கும் மேற்பட்ட கொக்கிகள் உள்ளன. இந்த ஏற்பாட்டின் பெயர் லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்ஸ், சுருக்கமாக எல்எஸ்எம். 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 பதிப்பிலேயே இது இடம் பெற்றுவிட்டது. எஸ்இ லினக்ஸ், ஆப் ஆர்மர் போன்ற காவலாளிகள் இந்தக் கொக்கிகளில்தான் தொங்குகிறார்கள்.

ஆனால் நமக்கென்று தனியாக ஒரு விதி வேண்டும் என்றால் கெர்னலையே மாற்றி மீண்டும் தயாரிக்க வேண்டியிருந்தது. 2020 மே 31 அன்று வந்த லினக்ஸ் 5.7 இந்த நிலையை மாற்றியது. கூகுள் நிறுவனத்தில் இருந்த கே.பி.சிங் எழுதிய பிபிஎப் எல்எஸ்எம் என்ற வசதி அதில் சேர்ந்தது. இதன்படி, சில வரிகளில் ஒரு சிறிய புரோகிராமை எழுதி, வேண்டிய கொக்கியில் மாட்டிவிடலாம். "பென் டிரைவில் இருந்து எந்தப் புரோகிராமும் இயங்கக் கூடாது" என்பது உங்கள் விதி என்றால், புரோகிராம் இயங்கத் தொடங்கும் இடத்துக் கொக்கியில் அதை மாட்டலாம். பதில் 0 என்றால் அனுமதி. எர்ரர் எண் வந்தால் மறுப்பு. கெர்னலை மாற்ற வேண்டாம். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது அடுத்த விஷயம். இந்தப் புரோகிராம் உள்ளே நுழையும் முன் வெரிபையர் என்ற பரிசோதகர் அதன் ஒவ்வொரு பாதையையும் நடந்து பார்க்கிறார். முடிவில்லாமல் சுற்றுமா? தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொடுமா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் புரோகிராம் உள்ளே போகாது. எழுதியவர் பெரிய நிறுவனமா, கல்லூரி மாணவரா என்று வெரிபையர் பார்ப்பதில்லை. 21ஆவது விவரத்தைத் தேடி எல்லை தாண்டும் புரோகிராம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்ட் 9 முதல், எந்த ஆப் எவ்வளவு டேட்டா செலவழித்தது என்று கணக்கெடுப்பது இதே வகையைச் சேர்ந்த சிறிய புரோகிராம்கள்தான். கொக்கி வேறு, முறை ஒன்று.

குறை இல்லையா?

இருக்கிறது. வெரிபையரும் மனிதர்கள் எழுதியதுதான். 2020 மார்ச்சில் நடந்த ப்வன்டூஓன் போட்டியில் வெரிபையரின் கணக்கில் இருந்த ஒரு பிழையைக் கொண்டே லினக்ஸை உடைத்துக் காட்டினார்கள். பிறகு அது சரி செய்யப்பட்டது. அதோடு, புரோகிராம் விழுந்துவிடுமா என்று வெரிபையர் பார்க்கும். உங்கள் விதி நியாயமானதா என்று பார்க்காது. எந்தப் புரோகிராமும் இயங்கக் கூடாது என்று விதி எழுதி மாட்டினால் அதையும் ஏற்றுக்கொள்ளும். பிறகு நீங்கள் தவிக்க வேண்டியதுதான். எனவே இந்தக் கொக்கிகளைத் தொடும் உரிமை அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மட்டுமே உண்டு.

பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனங்கள் சொல்லும் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. திருடன் கெர்னல் வரை வரும்போது காவலாளி வெளியே நின்று என்ன பயன் என்கிறார்கள். சரிதான். நான் காவலாளியே வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே வரட்டும், ஆனால் சோதனைக்கு உட்பட்டு, சிறிய உருவத்தில், தன் வேலைக்குத் தேவையான கொக்கியில் மட்டும் நிற்கட்டும் என்கிறேன். ஆப்பிள் 2019இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினாவில், பாதுகாப்பு சாப்ட்வேர்கள் கெர்னலுக்கு வெளியே இருந்தபடி வேலை செய்ய வழி கொடுத்தது. மைக்ரோசாப்டும் அதே போன்ற ஏற்பாட்டைச் சோதனைக்குத் தருவதாக 2025 ஜூனில் அறிவித்தது. 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்த பின்தான் இந்த வேகம் வந்தது என்பதுதான் வருத்தம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு, மூன்று ஆண்ட்டி வைரஸ் புரோகிராம்களை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். குறுகிய வழியில் மூன்று காவல் படகுகள் நின்றால் ஒன்றோடு ஒன்று மோதும். விண்டோஸுடன் வரும் டிபெண்டரே வீட்டு உபயோகத்திற்கு நல்ல தொடக்கம்.

கேம்ஸ் இன்ஸ்டால் செய்யும்போதும் கவனம் தேவை. சில ஆன்லைன் கேம்கள் ஏமாற்று வேலையைத் தடுக்க கெர்னல் டிரைவர் ஒன்றைக் கொண்டு வருகின்றன. கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமின் டிரைவரை எடுத்து வந்து, ஆண்ட்டி வைரஸை நிறுத்தப் பயன்படுத்திய ரேன்சம்வேர் கும்பல் 2022இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த டிரைவரும் முறையாகக் கையொப்பமிட்டதுதான்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டி பகுதியில் கோர் ஐசொலேஷன் என்பதில் கிளிக் செய்திடவும். மெமரி இன்டெக்ரிட்டி என்பது ஆன் நிலையில் உள்ளதா எனப் பார்க்கவும். கெர்னலுக்குள் வரும் டிரைவர்களைக் கண்டிப்பாகச் சோதிக்கும் வசதி இது. பழைய டிரைவர் ஏதேனும் ஒத்துவரவில்லை என்றால் அதன் பெயரை விண்டோஸே காட்டும். வசதியை அணைப்பதற்குப் பதில் புதிய டிரைவர் கிடைக்கிறதா எனத் தேடுங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்டு ஒரு பெட்டி திரையில் வந்தால், யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று படித்த பிறகே யெஸ் அழுத்துங்கள். காரணம் தெரியவில்லை என்றால் நோ அழுத்துவதில் தவறே இல்லை. கம்ப்யூட்டர் உங்களுடையது, யாரைக் காவலுக்கு வைப்பது என்ற முடிவும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.