அளவு ஜாக்கெட் இல்லாமல் ஒரு வீடு

ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்கே, புதுக்கோட்டை கீழராஜ வீதியில் துணி எடுத்த கையோடு வீட்டுக்குப் போய், பீரோவைக் கிளறி, அளவு ஜாக்கெட்டைத் தேடி எடுத்துக்கொண்டுதான் டெய்லரிடம் போகிறார்கள். "கை அரை இஞ்ச் கூட வைங்க, கழுத்து இவ்வளவு இறக்க வேண்டாம், போன தடவை அக்குள்ல பிடிச்சுது" என்று பத்து நிமிடம் பாடம் நடக்கிறது. அதே குடும்பம் பத்து லட்சம் ரூபாயோடு இன்டீரியர் டிசைனரை முதல் முறை பார்க்கப் போகும்போது என்ன கொண்டு போகிறது? செல்போனில் நாற்பது படங்கள். அவ்வளவுதான்!

அந்த நாற்பது படங்களில் இருப்பது யாருடைய வீடு? யாருக்கும் தெரியாது. அடுப்பு பற்ற வைத்த தடயமே இல்லாத வெள்ளை வெளேர் கிச்சன். ஒரே ஒரு நாள் மீன் குழம்பு கொதித்து, அடுத்த பர்னரில் கடுகு வெடித்தால் அந்த வெள்ளை என்ன ஆகும் என்று படம் எடுத்தவனுக்குக் கவலை இல்லை. அவனுக்கு வேலை படம் எடுப்பது. அதைப் பார்த்துவிட்டு "இதே மாதிரி வேணும்" என்பவர்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் சந்திப்பில் டிசைனரின் வேலை கேட்பது, வீட்டுக்காரரின் வேலை சொல்வது. சொல்ல எதுவும் தயார் செய்யாமல் போகிறவர், வேறு யாருடைய வீட்டையோ தன் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறார். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்ற பதில்தான் வருகிறது.

யார் பார்த்துப்பார்கள்?

அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி பக்கம் புது வீடு எழும்பும் பல தெருக்களில் அந்த வீட்டுக்கான பணம் சிங்கப்பூரிலிருந்தோ, மலேசியாவிலிருந்தோ, வளைகுடாவிலிருந்தோ வருகிறது. அதனால் டிசைனரோடு முதல் பேச்சு வாட்ஸ்அப் வீடியோ காலில் நடக்கிறது. அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் டிசைனர், நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு மச்சான். அம்மாவும் மனைவியும்? உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

கணக்குப் போடுங்கள். மகன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஒரு மாத லீவில் வருகிறார் என்று வைத்துக்கொண்டால், 24 மாதத்தில் 23 மாதம் அந்த வீட்டில் புழங்கப் போவது காப்பி போடுகிற அந்த இரண்டு பேர்தான். சமையல் மேடை எவ்வளவு உயரம், கிரைண்டர் எங்கே, அரிசி மூட்டை எங்கே என்பதெல்லாம் தெரிந்தவர்களும் அவர்கள்தான். அவர்களிடம் ஒரு கேள்வி கூட இல்லை. பணம் அனுப்புகிறவர் பேசுகிறார், வாழப் போகிறவர் தட்டை நீட்டுகிறார்.

விளைவு என்ன? மேல் அலமாரி எட்டாமல் அறுபது வயது அம்மா ஸ்டூல் போட்டு ஏறுகிறார். 25 கிலோ அரிசி மூட்டை டிவி யூனிட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் பளபளக்கும் மாடுலர் கிச்சனை விருந்தாளிக்குக் காட்டுவதற்கென்று துடைத்து வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் ஒரு ஷீட் கொட்டகை போட்டு அங்கே சமையல் நடக்கிறது. லட்சக்கணக்கில் செலவு செய்தது ஒரு ஷோகேஸுக்கு!

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்த மண்ணுக்கு இது தெரியாத வித்தை இல்லை. திருமயம் பக்கம் ராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி போய்ப் பாருங்கள். நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கட்டிய வீடுகள் அங்கே நிற்கின்றன. அப்போதும் பணம் கடல் தாண்டித்தான் வந்தது: பர்மா, மலாயா, இலங்கை. படாடோபத்துக்கும் குறைச்சல் கிடையாது. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் உண்டு. ஆனால் வீட்டின் அமைப்பை அவர்கள் இறக்குமதி செய்யவில்லை. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக் கணக்குக்கு ஏற்ப வளவைச் சுற்றி அறைகள். வந்தவர்கள் உட்காரத் திண்ணை. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வளவு. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மழைத் தண்ணீருக்கும் நடுவில் திறந்த வாசல். ஆள் கணக்கும் வேலைக் கணக்கும் முதலில், அலங்காரம் அப்புறம். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதற்குக் கண்ணாடி மட்டும் காரணமாக இருக்க முடியுமா?

இன்று அதே மாதிரி வீடுகளை இடித்து, தூணையும் கதவையும் விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் அவை அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து நகரத்துக்குப் போகும் தூண், "செட்டிநாடு தீம்" என்ற பெயரில் ஏதோ ஒரு ஹாலில் எதையும் தாங்காமல் நிற்கிறது. தாத்தா வீட்டுத் தூணை எடைக்குப் போட்டுவிட்டு, டிசைனரிடம் போய் "செட்டிநாடு லுக்" கேட்பவர்களை என்ன சொல்வது...

சரி, திட்டியது போதும். முதல் சந்திப்புக்கு என்னதான் கொண்டு போக வேண்டும்? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

1. ஆள் கணக்கு. வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, யாருக்கு மூட்டு வலி, இரவில் எழுந்து பாத்ரூம் போகிற தாத்தாவுக்கு எத்தனை அடி நடை, பொங்கலுக்கு எத்தனை பேர் வந்து தங்குவார்கள்.

2. ஒரு நாள் கணக்கு. காலை ஐந்து மணியிலிருந்து இரவு வரை யார் எங்கே என்ன செய்கிறார்கள். கோலப்பொடி டப்பா எங்கே, ஸ்கூல் பேக் எங்கே விழுகிறது, ஐப்பசி மழையில் ஈரத்துணி எங்கே காய்கிறது. டிசைனர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவருக்குக் கனவில் வராது.

3. அளவு. டேப் எடுத்து அறை, கதவு, ஜன்னல், பிளக் பாயின்ட் எல்லாம் அளந்து எழுத வேண்டும். அதிகம் சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால், மேடை அதற்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே இருப்பது வசதி. அந்த ஒரு அளவை எடுக்க ஒரு நிமிடம் ஆகும். எடுக்காவிட்டால் இருபது வருடம் இடுப்பு வலி.

4. வெயிலும் மழையும். சித்திரை மாதம் எந்தச் சுவர் நெருப்பாகக் கொதிக்கிறது? பழைய வீடு என்றால், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எந்த ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்தது? அந்தச் சுவரில் போய் பிளைவுட் அலமாரி அடிக்கக் கூடாது என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

5. போகாத சாமான். ஊஞ்சல், தேக்கு பீரோ, ஆத்தாவின் டிரங்குப் பெட்டி. எது கண்டிப்பாக இருக்க வேண்டுமோ அதன் நீள அகலத்தோடு எழுத வேண்டும். "பழசையெல்லாம் எடுத்துடுங்க" என்று டிசைனர் சொல்லும் முன்பே இந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

6. படம். படமே காட்டக் கூடாது என்பதல்ல. நாற்பதை ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொன்றின் கீழும் எது பிடித்தது என்று ஒரு வரி. வெளிச்சமா, நிறமா, சாமான் வைக்கும் இடமா? அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது வெறும் சினிமா போஸ்டர்.

அடுத்தது பணம். வெட்கப்பட்டுக்கொண்டு "பட்ஜெட் ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருந்தா சரி" என்று சொல்பவர்கள், வெற்று செக்கில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அர்த்தம். "சதுர அடிக்கு இவ்வளவு" என்றால் எந்தச் சதுர அடி? அலமாரிக்குப் பெரும்பாலும் முன்பக்கப் பரப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 6 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 42 சதுர அடி. கணக்குக்காக 1,000 ரூபாய் ரேட் என்று வைத்தால் 42,000. மேலே 2 அடி லாஃப்ட் சேர்த்தால் இன்னொரு 12 சதுர அடி, ஆக 54,000. பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறினால் 63,720. 42,000 என்று நினைத்துக்கொண்டு போனவர் 21,720 ரூபாய் கூடக் கொடுக்கிறார், யாரும் ஏமாற்றாமலே!

பிளைவுட் என்று மொட்டையாக எழுதியிருந்தால் எந்தத் தரம் என்று கேட்க வேண்டும். ஐஎஸ் 303 என்பது பொது உபயோகத்துக்கான பிளைவுட்டின் தர எண், ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட்டின் தர எண். சிங்க்குக்குக் கீழே எது வரப்போகிறது என்பது கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். பி.காம் முதல் வருடத்திலேயே மூலதனச் செலவு, வருவாயினச் செலவு, தேய்மானம் என்று படிக்கிறார்கள். அதை எத்தனை பேர் சொந்த வீட்டில் போட்டுப் பார்க்கிறார்கள்? நல்ல கீல், நல்ல குழாய், நல்ல வயரிங் நெடுநாள் உழைக்கும். ஃபேஷன் மாறியதும் கழற்றப் போகிற டிசைன் சுவருக்கு வருஷா வருஷம் தேய்மானம்தான்.

இன்னொன்று. 1972-ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. இன்டீரியர் டிசைனர் என்ற பெயருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நன்றாகப் படித்தவரும் அந்தப் பெயரைப் போடலாம், நேற்று கேட்டலாக் வாங்கியவரும் போடலாம். அதனால் முடித்த வேலை இரண்டை நேரில் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. நாளைக்குத் தகராறு வந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே இல்லை. ஆனால் அங்கே கேட்பது பில்லும் ஒப்பந்தமும். "வாய்ல சொன்னாருங்க" என்பது எடுபடாது.

"இவ்வளவும் நாமே செஞ்சா டிசைனர் எதுக்கு? ஆசாரியே போதுமே" என்று ஒரு கேள்வி வரும். அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டால் டெய்லர் வேண்டாமா என்ன? ஆறு பேரின் தேவையை ஆயிரம் சதுர அடியில் இடிக்காமல் முட்டாமல் அடக்குவது தனி வித்தை. அதற்குத்தான் டிசைனருக்குக் கூலி. அந்த வித்தைக்குக் கச்சாப் பொருள் வீட்டுக்காரரின் நோட்டில் இருக்கிறது. நல்ல டிசைனர் அந்த நோட்டைப் பார்த்தால் சந்தோஷப்படுவார். நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் லேப்டாப்பைத் திறந்து "சார், லேட்டஸ்ட் டிரெண்ட்" என்று ஆரம்பிப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் சந்திப்பு என்பதன் லாபமே அதுதான், எழுந்து வந்துவிடலாம்.

ஆகவே, வீடு கட்டும் சிங்கப்பூர் அண்ணன்மார்களே... அடுத்த வீடியோ காலில் போனை அம்மா கையில் கொடுக்கச் சொல்லுங்கள். காப்பியை மச்சான் போடட்டும்.